சொல்ல மறந்த எள்ளு

அர்ஜென்டீனாவில் பிறந்த இத்தாலியப் பெண் லூசியாவின் மொன்ட்ரியால் வீட்டுக்கு, சீஸ் அடைத்த பாஸ்தா செய்யப் பழகப் போனேன். “வெறுங்கையோட போறதே?” என்று அம்மா பயத்தம் உருண்டை தந்துவிட்டார்.

“இதுக்குள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார் லூசியா.

“பயறு, தேங்காய், சீனி.”

ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு பொருளையும் குறித்துவைக்கும் வேலை செய்யும் நான், அம்மா கடைசியாகச் சேர்க்கும் எள்ளுப்பொடியை மறந்துவிட்டேன்.

பாஸ்தா மாவைப் பிசைந்து வைத்துவிட்டு லூசியா உருண்டையைக் கடித்தார். ஒரே கடிதான்; எள்ளு அவருக்கு ஒவ்வாது. அவருடைய உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. கைப்பையிலிருந்த, ஒவ்வாமைக்கான அவசர ஊசியைக் காட்டினார். செத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் தொடையில் ஊசியைக் குத்திவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தேன்.

மெல்ல மூச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: “நான் தப்பீட்டன். மாவைச் சாகவிடாதையும், ஈரத்துணியால மூடும். மிச்சத்தை நாளைக்குச் செய்வம்.”

மன்னிப்புக் கேட்குமுன்பே மன்னித்துவிட்டார். ஆனாலும், யாருக்காவது உணவு நீட்டும்போது இன்றும் என் கை ஒரு கணம் தயங்குகிறது.