இரண்டரைக் குளிசை

எனக்கு வயது எழுபத்துமூன்று. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டும் என் கையால்தான் உண்டு வளர்ந்தன. தமிழ்நாட்டு முகாமில் இருந்த காலம் முழுக்கக் கிடைத்த அரிசியைத் தலைக்குத் தலை பங்கிட்டேன். அது போதாத நாளில் கஞ்சியாக்கித் தண்ணீர் விட்டு நீட்டினேன். ஒருவரையும் வெறும் வயிற்றோடு படுக்க விடவில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் பங்கு பிரிக்க எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்றுதான் இருந்தேன்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, பாப்பாமோட்டையில் தறப்பாளால் கூரை போட்ட கொட்டிலுக்குள் இருந்த முதல் மாரி அது. என்னோடு வந்தவள் கடைசி மகள் மட்டும். அவளுக்கு வலிப்பு. முகாமில் ஒவ்வொரு பின்னேரமும் வலிப்பு மாத்திரையில் அரைக் குளிசை கொடுத்து வந்தோம். இங்கே வந்தபின் மன்னார் ஆஸ்பத்திரி டொக்டர் அதை முக்கால் ஆக்கினார். ஒரு குளிசையை நாலாக உடைத்து, அதில் மூன்று துண்டு கொடுக்க வேண்டும்.

மழை விடவில்லை. குளம் நிரம்பி வழிந்து தெருவை மூடிவிட்டது. பஸ் நின்றுபோயிற்று. குளிசைப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டரை இருந்தது. வெள்ளம் வடிய ஐந்து நாளாவது செல்லும் என்று ஊரில் கதைத்தார்கள். நான் என் கணக்கைப் போட்டேன். இரண்டரையை ஐந்து பின்னேரத்துக்குப் பங்கிட்டால் பின்னேரத்துக்கு அரை. அச்சொட்டாக வந்தது. கடவுளே கணக்குப் பார்த்து விட்டுவைத்தது போல இருந்தது.

மகளிடம் சொன்னேன். அவள் தன் வலது கையை என் முன்னால் நீட்டினாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து சுருங்கிய தோல்.

"அரையிலதானே அம்மா நான் அடுப்புக்குள்ள விழுந்தனான். இதென்ன கஞ்சியே, தண்ணி விட்டு நீட்ட?"

அந்தக் கைக்கு மருந்து பூசியவளே நான்தான். ஐந்து நாள் என்ற பயம் அதையும் மறைத்துவிட்டது.

அவள் குளிசைகளைத் தட்டில் கொட்டி பிளேடால் வெட்டினாள். பத்துக் கால்துண்டு வந்தது. மூன்று மூன்றாகக் கூட்டி வைத்தாள். மூன்று கும்பல், ஒரு துண்டு மிச்சம்.

கால்தான் என்றாலும் மிச்சம் இருக்கிறதே என்று ஆறுதலுக்குச் சொன்னேன்.

"குளிசைக்கு அது கால். எனக்கு அது ஒரு பின்னேரத்தின்ர மூண்டில ஒண்டு," என்றாள்.

அரிசியில் பங்கு சிறுக்கும், நாள் நிற்கும். இதில் பங்கு நிற்கும், நாள்தான் சிறுக்கும். எத்தனை நாளுக்குப் பிரிப்பது என்பதல்ல கேள்வி; இதற்குள் எத்தனை முக்கால் இருக்கிறது என்பதுதான். மூன்று முக்கால் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. முகாமில் அத்தனை பேருக்குச் சோறு போட்ட என் கை, அந்தத் தட்டுக்கு முன்னால் சும்மா கிடந்தது.

முதல் கும்பல் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. தண்ணீர் வடிகிறதா என்று பார்க்க வெள்ளத்தின் ஓரத்தில் நான் நட்ட தடி நட்டபடியே தண்ணீருக்குள் நின்றது. மூன்றாவதையும் கொடுத்துவிட்டு, அவள் மூச்சைக் கேட்டபடி கிடந்தேன்.

விடிந்ததும் உழவு மெசின் வைத்திருந்தவரிடம் போனேன். ஒருவரிடமும் இரந்து நிற்காதவள், எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகச் சொல்லி அவர் படலை வாசலில் நின்றேன். மெசினுக்குள் தண்ணீர் போய்விடும், இன்னும் இரண்டு நாள் பொறுங்கோ மாமி, என்றார். நான் மடியிலிருந்த கால்துண்டை எடுத்து அவருக்குக் காட்டினேன்.

"தம்பி, இவ்வளவுதான் இருக்கு. இது இண்டைக்கு ஒரு பின்னேரத்துக்கே காணாது. நான் எப்பிடிப் பொறுக்கிறது?"

அவர் துண்டைப் பார்த்தார். பிறகு மெசினுக்குப் பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொழுவி எங்களை ஏற்றினார். தண்ணீர் பெட்டிப் பலகை வரை ஏறியது. நடுவழியில் மெசின் இருமியபோது மகளின் தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொழுது சாய முன்னம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். புதுக் குளிசையை அங்கேயே வைத்து உடைத்து, முக்காலும் கொடுத்தேன்.

பேத்தி, இவ்வளவும் நானே எழுத்துக்கூட்டி எழுதினது. இனி இதை வாசித்துக் காட்டு. அந்தத் துண்டுகளை வெட்டின உன் அம்மா அடுப்படியில் நிற்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும். தட்டில் துண்டு பிரித்த இடத்தை ஆறுதலாக வாசி. பிழை இருந்தால் அவள் சொல்லுவாள்.