கரடியூர் வளைவில் அடிக்காத ஹாரன்

14 மே 1983, சனிக்கிழமை. சேலம் பஸ் நிலையத்தில் காலை 5.50க்கு ஏற்காடு பஸ் கிளம்பியது. டிக்கெட் மூன்று ரூபாய். நாற்பது வயது வரை தினமும் மொட்டைமாடியிலிருந்து பார்த்த மலைக்கு அன்றுதான் முதல்முறையாகப் போகிறேன். கொண்டை ஊசி வளைவுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன், இருபது. “சின்னப் பையன் தோத்தான் போங்க!” என்றாள் என் மனைவி சாரதா. ஒன்பது மாத மகள் அவள் மடியில்.

7.15க்கு ஏற்காடு. மே மாதத்தில் குளிர்! ஏரிக்கரையில் 7.30க்குக் கரடியூர் பஸ் பிடித்தோம். காட்சிமுனையைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். அடுத்த பஸ் பிற்பகல் மூன்றுக்குத்தான்.

முன்சீட் கிடைத்தது. இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். ஒரு வளைவு நெருங்கும்போது டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

“பாப்பா தூங்குது. ஹாரன் வேண்டாமே” என்றேன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். “சரிங் சார்” என்று கையை எடுத்துக்கொண்டார்.

8.10க்குக் கரடியூர். காட்சிமுனையில் மேகம் எங்கள் காலுக்குக் கீழே நகர்ந்தது. சாரதா கைதட்டிச் சிரித்தாள். 8.40க்குத் திரும்பினோம்; 8.50க்கு அதே வளைவு. அங்கே ஒருவரும் இல்லை.

“செல்வியக் காணமுங்ண்ணா” என்றார் கண்டக்டர். “இன்னைக்குச் சேலத்துல நர்ஸ் டிரெய்னிங் இன்டர்வியூ. அந்தப் புள்ள பஸ்ஸ உடாதுங்களே!”

டிரைவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “போறப்ப ஆரன் அடிக்கலையேப்பா!”

எனக்குப் புரியவில்லை. கண்டக்டர் விளக்கினார். வளைவுக்குக் கீழே பள்ளத்தில் முப்பது வீடுகள். பஸ் சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பிந்தும். அதனால் மேலே போகும்போது நீளமாக ஒரு ஹாரன். அதைக் கேட்டு அரைமணி நேரம் ஏறி வந்தால், திரும்பும் பஸ் கிடைக்கும். பள்ளத்தில் அதுதான் கடிகாரம்.

டிரைவர் ஹாரனை அழுத்தினார், எடுக்கவே இல்லை. குழந்தை வீறிட்டாள். நான் இறங்கி விளிம்பில் நின்று, பெயர் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணை, “செல்வி! செல்வி!” என்று கத்திக் கூப்பிட்டேன். ஏற்காட்டில் சேலம் பஸ் 9.30க்கு. 8.55. 9.00. ஒரு பயணி, “போலாமுங்க, எனக்கும் வேல இருக்குது” என்றார். டிரைவர் திரும்பியே பார்க்கவில்லை.

9.04க்குக் காப்பிச் செடிகளுக்குள் நீலப் புடவை தெரிந்தது. அரைமணி நேர ஏற்றத்தைப் பதினான்கு நிமிடத்தில் ஓடி வந்திருந்தாள். ஒரு கையில் செருப்பு, மறுகையில் சர்டிபிகேட் பை.

“ஏனுங்ண்ணா, இன்னைக்கு உங்க பஸ்ஸு ஊமையாப் போச்சுங்களா?”

“ஆரன் மக்கர் பண்ணிருச்சு கண்ணு. ஏறு, ஏறு” என்றார் டிரைவர்.

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. “ஹாரன் நல்லாத்தாம்மா இருக்கு. பாப்பா தூங்குதுன்னு நான்தான் அடிக்க வேண்டாம்னேன்.”

செல்வி மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள். பிறகு அழுத கண்ணோடிருந்த குழந்தையை. “எங்கூட்டுப் பாப்பா இந்த ஆரனக் கேட்டாத்தாங்க எந்திரிக்கும். நொம்ப நாளைக்கு அப்பறம் இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கிருக்கும்!”

பஸ்ஸே சிரித்தது. என்னால் முடியவில்லை.

9.34. ஏரி தெரிந்தது. சேலம் பஸ் நகர ஆரம்பித்திருந்தது. “அடிங்க!” என்று கத்தியவன் நான்தான். டிரைவர் மூன்று முறை அடித்தார். அந்த பஸ் நின்றது. செல்வி குதித்து ஓடி ஏறினாள். சன்னல் வழியே ஒரு கை அசைந்தது. சாரதாவும் நானும் பைத்தியம்போல் கையாட்டினோம்.

பகலில் சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்வந்தோம். மாலை 6.40க்குச் சேலத்தில் வீடு. பஸ் நிலையத்துக்கு நேர் பின்புறம் எங்கள் தெரு. மேசையில், ஹாரன் சத்தத்தைத் தடுக்கக் கோரி நான் எழுதி, தெருவில் இருபத்தாறு கையெழுத்து வாங்கியிருந்த மனு இருந்தது.

வெளியே நீளமாக ஒரு ஹாரன். மணி பார்த்தேன்: 6.52. பதினோரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். அது எந்த ஊருக்குப் போகிற பஸ் என்று எனக்குத் தெரியாது.