தன் வாயால் ஒரு கேள்வி

கொழும்பு வெள்ளவத்தை பத்மாவதி அக்கா பொட்டை அழித்துவிட்டு, ஒரு சிங்கள ஆளோடு தெற்கே காலி நகரப் பக்கம் போகிற பஸ்ஸில் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனாராம். கண்டவரை எனக்குத் தெரியாது. கண்டவரின் மச்சாள் இங்கே ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் சொன்னதை என் மனைவி கேட்டுக்கொண்டு வந்தாள்.

“தம்பிக்காரன் பிடிபட்டுப் போனான், இவவுக்கு இப்ப சிங்களமும் சிரிப்பும்” என்று அங்கே ஒருத்தி சொல்ல, எல்லோரும் தலையாட்டிக்கொண்டு கட்லட் தின்றார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அக்காவுக்குச் சிங்களம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அது வந்த வீட்டில் சாப்பிட்டவன் நான்.

விசாவுக்காகக் காத்திருந்த காலத்தில் அவருடைய வீட்டில் ஓர் அறையில் இருந்தேன். கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. அக்கா கணவனை இழந்தவர், என்றாலும் பொட்டை விடாதவர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி வரதராசாவோடு வந்து குடியேறியவர். நான் அறைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் வரதராசாவை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்களாம். விடவில்லை.

முகாம் கந்தோருக்குத் தம்பியைப் பற்றிக் கேட்கப் போவதென்றால் அக்காவுக்கு இமெல்டா வேண்டும். இமெல்டா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள், அக்காவோடு ஒரே தையல் கடையில் வேலை செய்தவள். சிங்களம் அவளுக்கு வீட்டுப் பேச்சு மாதிரி. நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன். அந்த அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னால் என் ஆங்கிலம் ஆட்களைக் கோபப்படுத்தத்தான் உதவியது.

அதிகாரி நெடுநேரம் கதைப்பார். இமெல்டா இடையில் ஏதோ கெஞ்சுவாள். பிறகு அக்காவிடம் திரும்பி, “அடுத்த மாசம் வரட்டாம்க்கா” என்பாள்.

“அவ்வளவு நேரம் கதைச்சவர், இவ்வளவுதானோ சொன்னவர்?”

“அவங்க அப்படித்தான்க்கா. சும்மா இழுத்து இழுத்துப் பேசுவாங்க.”

ஒருநாள் அங்கிருந்து திரும்பி வந்து, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அக்கா சொன்னார்: “இனி நானே கேக்கப்போறன். என்ர வாயால கேட்டு, பதிலை என்ர காதால கேப்பன்.”

ஐம்பது கடந்த வயதில் பாஷை படிக்க அவர் பிடித்த வழி எங்கள் வயிற்றில்தான் கைவைத்தது. சிங்களத்தில் கேட்க முடிந்ததை மட்டும் வாங்குவது. விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பாணும் பருப்பும் இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தபடியால் முதலில் அவற்றையே தின்றோம்.

“இண்டைக்கும் பருப்போ அக்கா?”

“கத்தரிக்காய்க்கு இன்னும் வாய் வரேல்லை. பொறுமன்.”

“கடைக்காரனுக்குத் தமிழ் தெரியுமே!”

“அவனுக்குத் தெரியும். மேசைக்குப் பின்னால இருக்கிறவனுக்குத் தெரியாது.”

‘வம்பட்டு’ என்று கேட்டுக் கத்தரிக்காய் வாங்கி வந்த நாள் வீட்டில் கொண்டாட்டம். பிறகு பூசணிக்காய் வந்தது. மீன் வரத்தான் காலம் எடுத்தது. மீனுக்குச் சொல் சுலபம். ஆனால் பழுதைத் தள்ளி நல்லதைக் கேட்டு, விலைக்குச் சண்டையும் பிடிக்க வந்தால்தான் வாங்குவேன் என்று நின்றார். சைக்கிளில் வரும் மீன்காரர் ஒருநாள் சிரித்துவிட்டாராம்: “அக்கே, நீ என்னோட சண்டை பிடிக்கிறியா, சிங்களத்தோட பிடிக்கிறியா?”

சில கிழமைகளில் ஒன்றும் ஏறாது. படித்ததும் மறந்துபோகும். “மண்டை காய்ஞ்சு போச்சு” என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். மறுநாள் காலையில் பையைத் தூக்குவார். “நான் பிந்தப் பிந்த அவன் உள்ளுக்கு இருக்கிறதெல்லோ கூடும்.”

கடைசியாகப் பழகியது அந்தக் கேள்வி. ‘மகே மல்லி கொஹேத?’ என்ர தம்பி எங்கே? அடுப்படியில் சொல்லிப் பார்ப்பார்; மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போதும் சொல்லிப் பார்ப்பார். பாதியில் குரல் உடைந்துவிடும். “அழாமச் சொல்ல வந்த அண்டைக்குப் போறன்” என்றார்.

அந்த நாளும் வந்தது. ஒருவரையும் கூட்டாமல் போனார். பின்னேரம் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். எப்படியோ கேள்விப்பட்டு இமெல்டா ஓடி வந்தாள்.

“சொல்லாமப் போயிட்டீங்களேக்கா!”

அக்கா அவளைப் பார்த்தார். “அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? வரதராசா எண்டு ஒரு ஆளை இஞ்ச ஒருநாளும் கொண்டு வரேல்லையாம். கூட வந்த பொம்பிளைக்கு முதல் நாளே சொன்னனான், வாற நேரமெல்லாம் சொன்னனான், பிறகேன் வாறியள் எண்டு கேட்டவர்.”

இமெல்டா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கே சொல்லியிருந்தா நீங்க வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டீங்கக்கா. வாற பஸ்ஸையே பார்த்துக்கிட்டு நின்னீங்க. நான்தான் கையைப் பிடிச்சிருந்தேன். பொறவு, அடுத்த மாசம் சொல்லுவோம், அடுத்த மாசம் சொல்லுவோம்னு…”

அக்கா கைப்பையைக் கீழே வைத்தார்.

“நீ அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் ஒரு சொல்லும் படிச்சிருக்க மாட்டன், இமெல்டா.”

ஏசுகிறாரா, நன்றி சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இமெல்டாவுக்கும் விளங்கவில்லை, நின்ற இடத்திலேயே அழுதாள். அக்கா எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

அடுத்த கிழமை வேறொரு மேசைக்குப் போனார். பிறகு இன்னொன்றுக்கு. கேள்வி அதேதான். இப்போது பதில்களும் அவருக்கு ஒரு சொல் விடாமல் விளங்கின. முன்னேற்றம் என்றால் அதுதான் முன்னேற்றம்.

என் விசா வந்தது, நான் வந்துவிட்டேன். இடைக்கிடை ரெலிபோன் எடுப்பேன். போன முறை அவர் குரலில் ஓர் அவசரம் இருந்தது.

“தெற்கில ஒரு முகாமில, பேர் பதியாமச் சில பேரை வைச்சிருக்கினமாம். எங்கட மீன்காரன்ர ஊர் அந்தப் பக்கம். கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். பொட்டு வேண்டாம், பஸ்ஸில சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு வா அக்கே, அப்ப சென்றியில ஆமிக்காரர் மறிச்சு இறக்க மாட்டாங்கள் எண்டு சொல்லியிருக்கிறார்.”

“பயமில்லையோ அக்கா?”

“சிரிக்கிறதுதான் கஷ்டம், தம்பி. அதையும் பழகுறன்.”

வியாழக்கிழமை வந்துவிடுவேன், அதற்குப் பிறகு எடும் என்றார். வியாழன் போய், அடுத்த வியாழனும் போய்விட்டது. இமெல்டாவின் வீட்டில் ரெலிபோன் இல்லை. மீன்காரரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இங்கே காலை. அங்கே விளக்கு வைக்கிற நேரம். அவர் வீட்டில் இருக்கவேண்டிய நேரம். இப்போதெல்லாம் ரிசீவரை எடுத்ததும் யாரென்று சிங்களத்தில்தான் முதலில் கேட்பார். அந்தக் குரலுக்காகக் காதோடு வைத்துக்கொண்டு நிற்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.