அன்பரசன் அடித்த கட்டம்

திருவொற்றியூரில் படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டராக இருந்தவன் அன்பரசன். ஞாயிறு மதியமானால் டோல்கேட்டில் நண்பன் முதஸ்ஸிரின் செல்போன் கடைக்குப் போய்விடுவான். ஷட்டரைப் பாதி இறக்கி, கட்டம் போட்ட சார்ட்டை மேஜையில் விரித்து, முதஸ்ஸிர் ஒரு பாதாளக் கோட்டையின் கதையைச் சொல்வான். அந்தக் கதை விளையாட்டில் கோட்டைக்குள் நுழையும் வீரர்களாக அன்பரசனும் நர்மதாவும் ஆடுவார்கள். நர்மதா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் பில் போடுபவள். வீசிய அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பட்டது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி வரும் நாட்கள்தான் கஷ்டம். அது நிற்கும் கட்டத்தை ஊகிக்க வேண்டும். தப்பினால் கத்தி காற்றில் போகும். சரியாகச் சொன்னாலும் இரண்டு பகடை உருட்டி, சின்ன எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். நர்மதா படபடவென்று கத்தி வீசுவாள். அன்பரசனின் வீரன், கால்தடம் விழட்டும் என்று தரையில் மாவைத் தூவிவிட்டு, முதுகைச் சுவரில் ஒட்டி நிற்பான்.

“சும்மா வீசிகினே இருந்தா இன்னா ஆவும்? அது கால் வெக்கிற வரிக்கும் இரு.”

பார்வை ஓரங்களில் இருண்டபோது, வெல்டிங் வெளிச்சம்தான் காரணம் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கண் நரம்பு செத்திருந்தது. போனது திரும்பாது என்றார் டாக்டர். வேலை போயிற்று. பிறகு மிச்சமிருந்த பார்வையும் போயிற்று. ஞாயிறு ஆட்டம் மட்டும் மிஞ்சியது. நர்மதா ஸ்கூட்டியில் வந்து அழைத்துப் போவாள். எந்தக் கட்டத்தில் யார் நிற்கிறார்கள் என்று அவளே சொல்வாள்.

ஒரு ஞாயிறு, கதையில் தண்ணீர் தேங்கிய நிலவறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாயப் பிசாசு.

“தண்ணி எங்க கலங்குது?”

“உனக்கு எடது பக்கம் அன்பண்ணா, தூணாண்ட.”

வெகுநேரம் யோசித்தான். “தூணுக்குப் பின்னாடி கட்டம். அங்க அடிக்கிறேன்.”

“கரெக்டு மாமு, அங்கதான் கீது!” என்றான் முதஸ்ஸிர்.

அன்பரசன் பகடைகளை உருட்டினான்.

“பதினெட்டு, இருபது! செத்துச்சு!” நர்மதா கைதட்டினாள்.

சிரித்துக்கொண்டே பகடைகளைத் துழாவியவனின் நகம், ஒன்றின் மேல்முகத்தில் செதுக்கிய எண்ணில் பட்டது. மறுபடி தடவினான்.

“இது மூணுடா.”

பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

“எத்தினி நாளா இப்டி?”

“உன்னால பாக்க முடியாம போனதுலேர்ந்து,” என்றான் முதஸ்ஸிர். “நீ தோத்துட்டு வூட்டுக்குப் போறத பாக்க மன்சு வர்ல மாமு.”

“அந்தக் கட்டத்துலயாவது அது இருந்துச்சா?”

“இல்ல மாமு. உன் முதுகுக்குப் பின்னாடி.”

“அப்ப அது அடிக்கட்டும். உள்ளத உள்ளபடி உருட்டு.”

“இன்னாத்துக்கு அண்ணா? வுட்டுடேன்,” என்று நர்மதா கெஞ்சினாள். அவன் கேட்கவில்லை. முதஸ்ஸிர் பிசாசின் அடிக்கு உருட்டி, விழுந்த எண்ணைச் சொன்னான். திரும்பவும் உருட்டினான். கதையில் அன்பரசன் பல வருடமாக ஆடிவந்த அந்த வீரன் தண்ணீரிலேயே விழுந்து செத்தான்.

“இனிமே பொய் சொல்ல மாட்டோம் மாமு. உனக்குப் புதுசா ஒரு வீரன வெச்சு ஆடலாம்.”

“நீ சொல்றத நான் எப்டி நம்புவேன்?” கோபமே இல்லாமல்தான் கேட்டான்.

அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லியனுப்பினான். அதற்கடுத்த வாரம் நர்மதா வாசலில் நின்று கூப்பிட்டாள். தூங்குகிறான் என்றாள் அவன் அம்மா. அவன் உள்ளே கட்டிலில் விழித்தபடி உட்கார்ந்திருந்தான். ஸ்கூட்டி கிளம்பி, ஹைரோடு லாரி இரைச்சலில் கரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மிஞ்சிய இருவரும் ஒரு தரம் ஆடிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இப்போது முதஸ்ஸிர் கடையை முழுசாகத் திறந்து வியாபாரம் பார்க்கிறான்.