மருந்து வண்டியில் நான் கட்டிய இரண்டு வரி

இலவசமாக மருந்து கொடுக்கிற உத்தியோகத்தில் நன்றியும் கிடைக்கும், வசவும் கிடைக்கும்; இரண்டில் எது நமக்கு உரியது என்று தெரியத்தான் பல வருஷம் ஆகும். ஊர் ஊராகப் போய், ‘காய்ச்சின தண்ணீர் குடியுங்கள், நகத்தை வெட்டுங்கள்’ என்று தொண்டை வற்றப் பேசியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் பி.ஏ. படித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தர்ம ஸ்தாபனத்தின் மருந்து வண்டியில் சேர்ந்தேன். மாட்டு வண்டிதான். செவ்வாய்க்கிழமைதோறும் ஆம்பூருக்கு வெளியே, தோல் பதனிடும் கிடங்கு ஆட்கள் குடியிருந்த தெருவோரம் ஒரு புங்கமரத்தடியில் நிற்கும். டாக்டரம்மா வைத்தியம் பார்ப்பார். சீட்டு எழுதுவதும், காத்திருக்கும் பெண்களுக்குச் சுகாதாரம் சொல்வதும், விருப்பமுள்ளவர்களுக்குச் சிலேட்டில் எழுத்துப் பழக்குவதும் என் வேலை. அந்தத் தெருவில் சாலம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். என்னால் அவள் உயிருக்கு வந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நேரே அங்கே போக மனம் வரவில்லை, முதலிலிருந்தே வருகிறேன்.

சிவப்புத் தண்ணீர்

வண்டி நின்றதும் தெருவே திரண்டுவிடும். பாதிப் பேருக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது. ஒரு கிழவர் வாராவாரம் காலிப் புட்டியோடு முதல் ஆளாக நிற்பார். “உடம்புக்கு என்ன?” என்றால், “ஒண்ணுமில்லம்மா, அந்தச் செவப்புத் தண்ணி இனிப்பா கீது” என்பார்.

உண்மையான நோயாளிகள் வரிசையின் கடைசியில் வெயிலில் சுருண்டு கிடப்பார்கள். ஒருநாள் அப்படிக் கிடந்த ஒரு குழந்தையை டாக்டரம்மா பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “வலி இருக்கிறவங்க மட்டும் வரட்டும். இவங்க மனசுல பதியற மாதிரி நீ சொல்லு. உனக்குத்தான் பேச வருமே.”

கூழ்

பேச மட்டுமா, எனக்குப் பாட்டும் கட்ட வரும். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே இரண்டு வரி அமைந்துவிட்டது.

‘வலிக்குதா? வண்டிக்கு வா.
வலிக்கலையா? வேலைக்குப் போ.’

மறு செவ்வாய் இதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே வாரத்தில் தெரு முழுவதும் பாடிற்று. தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிறவர்கள் உலக்கைக்குப் பாடினார்கள், பிள்ளைகள் பாண்டி ஆடப் பாடினார்கள். கூட்டம் பாதியாகக் குறைந்தது. கல்லூரியில் நான் எழுதிய கவிதைகளைத் தோழிகள் இரண்டு பேர் படித்ததோடு சரி. இதுவோ ஊர் வாயில் இருந்தது. எனக்குக் கர்வம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

எல்லோரிலும் உரக்கப் பாடினவள் சாலம்மாள். வெளியூரிலிருந்து வரும் காய்ந்த தோல் கட்டுகளைப் பிரித்து, தோளில் சுமந்து, ஊறவைக்கும் தொட்டிக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அவள் கணவன் முனுசாமி சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நிற்பவன். சிலேட்டில் தன் பெயரின் முதல் இரண்டு எழுத்துவரை வந்திருந்தாள். “டீச்சரம்மா, உங்க பாட்டு கூழு மாதிரி. மெல்லவே வாணாம், தானா எறங்குது” என்றாள்.

திரைக்குப் பின்னால்

கிடங்கு முதலாளி வீட்டு பீபியம்மா வெளியே வரமாட்டார். வண்டி வேலையை முடித்துவிட்டு நான்தான் உள்ளே போய், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உடம்பு விசாரிப்பேன். என் பாட்டு அந்த வீட்டு வேலைக்காரி வழியாக அங்கேயும் நுழைந்திருந்தது.

ஒரு செவ்வாய் அப்படிப் போனபோது என்ன வலி என்று கேட்டேன். வலி இல்லை, இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சோறு பிடிக்கவில்லை என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். “உங்க பாட்டு அவங்களுக்குச் சரி டீச்சர். எனக்கு வலியும் இல்லே, போறதுக்கு வேலையும் இல்லே. ஒரே பேஜார். நான் எங்கே போறது, நீங்களே சொல்லுங்க?”

புடவைத் தலைப்பு

நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். வலிக்காத நோய் ஒன்று உண்டு என்று அந்த அம்மாள் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை.

அடுத்த செவ்வாய் சாலம்மாள் கழுத்தோரம் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சிலேட்டுக்கு உட்கார்ந்தாள். என்ன என்றேன். விலக்கிக் காட்டினாள். தோல் சுமக்கிற பக்கத்தில் ஒரு கொப்புளம். நடுவில் மிளகளவு கறுப்பு. டாக்டரம்மாவிடம் காட்டச் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். வரிசை நீளமாக இருந்தது, கிடங்கில் மணியும் அடித்துவிட்டது. அவள் சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். நான் அவளைப் பிடித்து நிறுத்தவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே சொன்னாள்: “அரிப்புதான் டீச்சரம்மா. வலிக்கலையா? வேலைக்குப் போ!”

கயிற்றுக் கட்டில்

ஏழாம் நாள் அவளைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கியிருந்தன. கொப்புளம் இருந்த இடத்தில் கரித்துண்டு போல ஒரு பொருக்கு. டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு என்னவென்று சொன்னார். மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய் தோலோடு வந்து மனிதரையும் பிடிக்குமாம். அந்தப் புண் வலிக்காதாம். வலிக்காமல் இருப்பதே அதன் அடையாளமாம்.

வண்டியிலேயே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் வேலூர் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினோம். அவள் தலை என் மடியில் இருந்தது. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள்: “இப்பவும் வலி இல்ல டீச்சரம்மா. வந்தா... இன்னாடி, சும்மா வந்துட்டியான்னு கேப்பீங்கன்னு...”

முனுசாமி

மறுநாள் விடியற்காலை போய்விட்டாள். இருபத்தாறு வயது.

நான் பாட்டை மாற்றப் பார்த்தேன். ‘கறுத்த கொப்புளம் கண்டால்’ என்று தொடங்கி ஏதேதோ எழுதினேன். ஒன்றும் வாயில் நிற்கவில்லை. பழையதைப் பாட வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். பெரியவர்கள் நிறுத்தினார்கள், பிள்ளைகள் நான் தெருமுனை திரும்பும்வரை நிறுத்தினார்கள்.

காரியம் முடிந்த மறு செவ்வாய் முனுசாமி வரிசையில் நின்றான். திட்ட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. சுண்ணாம்பில் வெந்து வெளுத்த கையை மேஜைமேல் நீட்டினான். முழங்கைக்குக் கீழே ஒரு கொசுக்கடி. டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அவன் கையை எடுக்கவில்லை. அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும். நான் சீட்டில் பெயர் எழுதிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், “என்னப்பா செய்கிறது?” என்று கேட்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: “ஒண்ணும் வலிக்கலம்மா. அதான் வந்தேன்.”

ஊருக்கு நல்லது சொல்லப் போகிறவர்கள் தங்கள் வார்த்தைகளைக் கொஞ்சம் கரடுமுரடாகவே வைத்துக்கொள்வது நல்லது. தப்பாகச் சொல்லியிருந்தாலும் ஜனங்கள் மறந்துவிட வழியிருக்கும்.