இஞ்சினில் ஊறிய தேத்தண்ணி

கார் இல்லாதவன் மனுஷனே இல்லை என்று எனக்கு ஒரு காலத்தில் தோன்றியது. இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சின்னக் கிளாக்கராக இருந்தபோது, சீமைக்குக் கப்பலேறிய துரை ஒருவரின் பழைய காரை வாங்கினேன். மறுநாளே, எனக்கும் கார் வேலை தெரியும் என்று காட்டுவதற்காக, இஞ்சினுக்கு அடியில் இருந்த திருகாணியைக் கழற்றிப் பழைய ஆயிலை இறக்கிப் புதிதாக ஊற்றினேன். அன்று முதல் கார் ஒழுகத் தொடங்கியது. விற்ற துரைதான் ஏமாற்றிவிட்டார் என்று தோட்டமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

கார் நின்றது தொழிற்சாலை முற்றத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில். தேயிலையோ அக்கம்பக்கத்து வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் சாதி. ஒரு நாள் புதுத் துரை ஆயிலை மிதித்துவிட்டார். தனக்குத் தெரிந்த தமிழில் அங்கேயே தீர்ப்பும் சொன்னார்.

"சனிக்கிழமை நான் வந்து பாக்கும். ஒரு சொட்டு ஆயில் இருந்தா, நீ இருக்கலாம். கார் தோட்டம் விட்டுப் போகணும்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கார் வைத்திருக்கும் கிளாக்கர் என்று பெயரெடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கார் தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று மாரியம்மனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

தொழிற்சாலையில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் என் கூட்டாளி. அவர் ஒரு வழி சொன்னார். இஞ்சினைத் துடைத்துப் பவுடர் பூசி ஓட்டினால், ஒழுகும் இடம் மட்டும் நனைந்து காட்டிக்கொடுக்குமாம். மனைவியிடம் பவுடர் டப்பாவைக் கேட்டேன்.

"எம் மூஞ்சிக்கே பத்தல. ஒங்க காரு என்னா மாப்பிள்ளையா பாக்கப் போகுது?"

டீமேக்கர் ஒரு வாளி நிறையத் தேயிலைத் தூசி கொண்டுவந்தார். சனிக்கிழமை காலை அதையே இஞ்சின் முழுக்க அப்பினோம். தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருக்கும் இரண்டாம் வளைவுவரை ஓட்டிப்போய், ஆளுக்கு இரண்டு சிகரெட் பிடித்துவிட்டுத் திரும்பினோம். வழியெல்லாம் பனிமூட்டமும் தூறலும். முற்றத்தில் நிறுத்தியதும் காருக்கு அடியில் செம்பழுப்பாகச் சொட்டியது. அந்த நேரம் பார்த்துத் துரையும் வந்து நின்றார்.

டீமேக்கர் குனிந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் ஏந்தினார். தினமும் தேநீர் ருசி பார்க்கும் அதே தோரணையில் உர்ரென்று உறிஞ்சித் துப்பினார்.

"ஆயில் இல்லீங்க தொரை. தேத்தண்ணி. நம்ம தூசிதான்."

துரைக்கும் தொழில் புத்தி விடவில்லை. அவரும் ஒரு சொட்டை நக்கி முகம் சுளித்தார். "சாயம் ரொம்ப ஜாஸ்தி," என்றார். பிறகு முற்றம் முழுக்கக் குனிந்து குனிந்து தேடினார். ஆயில் ஒரு சொட்டும் இல்லை. கார் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் டீமேக்கரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு பவனி புறப்பட்டேன். இரண்டாம் வளைவில் இஞ்சின் கடகடவென்று கத்தி, இறுகி நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், முந்தின நாள் சிகரெட் பிடித்த இடத்தில் ஒரு குட்டை ஆயில். நடுவில் என் திருகாணி கிடந்தது. ஒழுங்காக முடுக்காமல் விட்டவன் நானேதான். முற்றத்தில் ஆயில் எப்படிச் சொட்டும், இஞ்சினில் மிச்சமிருந்தால்தானே!

மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். குட்டையைப் பார்த்தாள், என் கையிலிருந்த திருகாணியைப் பார்த்தாள்.

"காரு தோட்டத்த விட்டுப் போகக்கூடாதுன்னுதானே மாரியம்மாகிட்ட கேட்டீங்க? குடுத்துட்டா. போயி தேங்காய ஒடைங்க."