மேல் தட்டில் வெள்ளைப் பெட்டி

கல்யாணத்துக்கு முசிறியிலிருந்து வந்த சீர்வரிசையில் கிரைண்டருக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே ஒரு கறுப்பு வீடியோ கேம் பெட்டியும் இருந்தது. பெண் தன் சம்பளத்தில் ஆசையாக வாங்கியதாம். என்னிடம் ஏற்கெனவே அதன் பரம எதிரியான, போட்டிக் கம்பெனியின் வெள்ளைப் பெட்டி இருந்தது. ஜோசியர் ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் பிரமாதம் என்றிருந்தார். பாவம், இந்த இரண்டையும் அவரிடம் யாரும் காட்டவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு மூன்றாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடி, அதற்கு மேல் சூரியன். படுக்கையறையில் மட்டும் ஏசி. ஹாலில் ஒரு டிவியும், பக்கத்தில் சுவரோடு சுவராக ஒரு மர அலமாரியும் இருந்தன. அந்த அலமாரியில் இரண்டு பெட்டியும் ஒரு மாதம் குடித்தனம் நடத்தின. சித்திரை முடிவதற்குள் ஹால் இட்லிப் பானை மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெட்டி போதும், இன்னொன்றைத் தில்லை நகரில் கிளினிக் லேபில் வேலை பார்க்கும் தன் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எது போவது என்பதில்தான் சிக்கல். வாக்குவாதம் முற்றி, கடைசியில் போட்டி என்று முடிவானது. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அந்த ஹாலில் இரண்டிலும் ஒரே கார் பந்தயத்தை ஓட விடுவது. அதிகம் சூடாகி, அதிகம் இரைந்து, படம் திக்குகிற பெட்டி வீட்டைவிட்டுப் போக வேண்டும். மற்றதில் இழுபறி என்றால் படம் திக்குவதுதான் தீர்ப்பு.

என் பெட்டியை விட எனக்கு மனசில்லை. அந்த வெள்ளைப் பெட்டி என் முதல் போனஸில் வாங்கியது. அது கடையில் கிடைக்காமல் ஊரே தவித்த காலத்தில், கடைக்காரரிடம் தினமும் போய் நின்று, என் முகத்தைப் பார்க்கச் சலித்துப்போய் அவர் எடுத்துக்கொடுத்தது.

அழகிலும் அதை அடிக்க ஆள் கிடையாது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நெட்டையாக நிற்கும். முன்பக்கம் காற்றை இழுத்து, முதுகு வழியே விடும். உள்ளே சிப்பின் தலையில் குழம்பு மாதிரி உருகின உலோகத்தைப் பூசியிருக்கிறார்கள், சூட்டை உறிஞ்சிக்கொள்ள. இதை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன், ஏதோ நானே காய்ச்சி ஊற்றியதைப் போல.

கறுப்புப் பெட்டி குட்டை, சதுரம், அலட்டிக்கொள்ளாத ஜாதி. அடியில் காற்றை இழுக்கும். உச்சியில் ஒரே ஒரு பெரிய ஃபேன். பெரிய ஃபேன் என்பதால் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தமும் வராது. மனைவி துவாக்குடி பக்கம் பாய்லர் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். சூடும் காற்றும்தான் அவளுக்குச் சோறு போடுகின்றன. நானோ வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவன். நான் இதுவரை சூடாக்கியது ஒரு நாற்காலியை மட்டும்தான்.

"என்னோடது சிம்னி மாதிரிங்க," என்றாள். "சூடு தானா மேலதான் போகும். அது போற வழியில விட்டுடுது. உங்க ஆளுதான் பாவம், முதுகால தள்ளிக்கிட்டு கஷ்டப்படறாரு."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. அதுவரை ஒத்திகை. அலமாரியில் எந்தத் தட்டு வேண்டும் என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, மேல் தட்டு என்றேன். ராஜா கீழேயா உட்காருவார்? அவள் சிரித்துக்கொண்டே தன்னுடையதைக் கீழ்த் தட்டில் வைத்தாள்.

ஒத்திகையில் ராஜா மானத்தை வாங்கினார். அவள் முதல் ஷிஃப்ட் முடித்து வந்ததும் இரண்டையும் போடுவோம். கொஞ்ச நேரத்தில் என் பெட்டி பழைய மாவு மில் மாதிரி இரையத் தொடங்கும். பிறகு கார் வளைவில் திரும்பும்போது படம் திக்கும். பிறகு, சூடு தாங்கவில்லை, அணைத்துவிடு என்று திரையில் எழுதிக் காட்டும். கீழே கறுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த மாமனார் மாதிரி மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த சூடு பார்க்கும் துப்பாக்கியை அவள் இரண்டின் மீதும் காட்டுவாள். காட்டிவிட்டு எண்ணைச் சொல்ல மாட்டாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள், அவ்வளவுதான்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. அலமாரி முன்னால் டேபிள் ஃபேன் வைத்தேன். ஈரத் துண்டை விரித்துத் தொங்கவிட்டேன். வெட்டிவேர் தட்டி வாங்கலாமா என்று கேட்டபோது, இளநீரும் வெட்டிக் கொடுங்க என்றாள். வியாழக்கிழமை அவள் தம்பி போன் செய்து, வெள்ளை நிறத்துக்குத் தூசி படாமல் உறை வாங்கி வைத்துவிட்டேன் மாமா என்றான். நான் லைனைக் கட் பண்ணிவிட்டு நெட்வொர்க் மேல் பழியைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவள் விளக்கேற்றிவிட்டு, வழக்கம்போல் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தாள். அலமாரியில் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது இரைச்சலுக்கு ஏறியிருந்தது. அலமாரிக்குக் கீழே தூபக்காலைக் காட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, என் பெட்டிக்கு திருஷ்டி கழிக்கிறியா?" என்றேன்.

 தூபக்காலை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். புகை கறுப்புப் பெட்டியின் அடியில் நுழைந்து உச்சி வழியே தடியாகக் கிளம்பியது. எங்கள் அலமாரித் தட்டுகள் முழுப் பலகை அல்ல, இடைவெளி விட்டு அடித்த ரீப்பர் கட்டைகள். அந்தச் சந்துகள் வழியே புகை ஏறி, என் வெள்ளைப் பெட்டியின் முகத்துக்கு நேராகப் போய், ஒரு இழை சிந்தாமல் உள்ளே போனது. முதுகு வழியே வந்த புகை, சுவரில் முட்டி, போக இடமில்லாமல் திரும்பி முன்னால் வந்து மறுபடியும் உள்ளே போனது.

அவள் வாயைத் திறக்காமல் பூஜை அலமாரிப் பக்கம் நகர்ந்திருக்கலாம். எனக்கு அந்தப் புகையில் கண் எரிந்ததே தவிர ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிறு வந்தால் ஜெயம் அவளுக்கு, உறையும் தயார். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், புகை பட்டுவிட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே சமையலறைக்குள் போய்க் காபி போட ஆரம்பித்திருப்பேன்.

அவள் தூபக்காலைத் தரையில் வைத்தாள். "உங்க பெட்டி மேல தப்பு இல்லைங்க. என்னோடது விடற சூட்டைத்தான் அது இத்தனை நாளா குடிச்சிக்கிட்டு இருக்கு. இந்த ஒத்திகை எதுவும் செல்லாது."

"நீ ஜெயிச்சிட்டிருந்தியே."

"இதுக்குப் பேரு ஜெயிக்கிறதா?" என்றாள், கொஞ்சம் கோபமாகவே.

ராஜாவை மேல் தட்டில் ஏற்றிய மந்திரி நான்தான் என்பதை அவள் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன், அவள் சொல்லி நான் கேட்பதைவிட அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்டூல், சுவரிலிருந்து ஒரே அளவு தள்ளி. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் காற்று அதிகம் வரும் என்று அதையும் அவளே சாத்தினாள். வெளியே தெருவில் நாய்கூட இல்லை. நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து, வேர்வையில் ஊறி, மாற்றி மாற்றி இரண்டையும் டிவியில் பார்த்தோம். நல்ல காற்று கிடைத்ததும் என் பெட்டி மாவு மில் வேலையை விட்டுவிட்டது. முதுகில் சூடு வீசியது, ஆனால் கார் வளைவுகளில் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. கறுப்பும் சளைக்கவில்லை. கடைசிவரை சத்தம் என்று பார்த்தால் அதுதான் சாது. சூட்டில் இரண்டுக்கும் நடுவே துப்பாக்கியால்கூட ஒரு தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. வெயில் இறங்கும் நேரத்தில், மழை பெய்யும் ஒரு பந்தயத்தில், கறுப்பில் படம் ஒருமுறை திக்கியது. கொஞ்சம் கழித்து மறுபடியும். என்னுடையதில் அதே மழை, அதே வளைவு, ஒன்றும் ஆகவில்லை.

நான் பார்க்காத மாதிரி சீலிங் ஃபேனைப் பார்த்தேன். "திக்குச்சு," என்றாள் அவளே. எழுந்து போய்க் கறுப்பை அணைத்து, அது ஆறும்வரை காத்திருந்து, ஒயரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

உன்னுடையதே இருக்கட்டும், என்னுடையதை அனுப்பிவிடலாம் என்றேன். அந்த நிமிஷம் உண்மையாகத்தான் சொன்னேன்.

"தோத்துப்போனவளுக்கு விட்டுக்கொடுத்து நல்ல பேர் வாங்கப் பாக்கறீங்களா? அதெல்லாம் வேண்டாம்."

"அப்ப ரெண்டும் இருக்கட்டுமே. ஒண்ணை பெட்ரூம்ல வெச்சுக்கலாம்."

"வெச்சுட்டு? நீங்க அந்த ரூம்ல, நான் இந்த ரூம்லயா? அதுக்கு நான் முசிறியிலேயே இருந்திருப்பேன்."

ஒரு பெட்டி போதும் என்று அவள் அன்றைக்குச் சொன்னது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் ஹாலின் சூட்டுக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியில் காவிரிப் பாலம் தாண்டும்போது பெட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். தில்லை நகரில் தம்பி, வெள்ளைக்கு வாங்கின உறையோடு வாசலில் நின்றான். கறுப்பைப் பார்த்ததும் அவனுக்கு முகம் கொஞ்சம் விழுந்தது, அக்கா பார்த்த பார்வையில் உடனே நிமிர்ந்தது. எங்கே வைப்பது, மேலே என்னவெல்லாம் வைக்கக் கூடாது என்று அவனுக்குப் பாடம் நடந்தது. அவன் சுவிட்சைப் போட்டதும் அவள் பெட்டியின் உச்சியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"நல்லா விடுது," என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பி, போற வழியில் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கணும், உங்க பெட்டிக்கு ஒண்ணுதானே இருக்கு என்றாள்.